அரைவலி

இடிப்பு காண்ட்ராக்டரைச் சந்தை முனையில் நாலு பேர் வளைத்து அடித்த அன்று, அங்கிருந்து சில தெரு தள்ளித் தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் வாயிலிருந்து ஒரு பல் கழன்று, மடித்து வைத்த போர்வையின் மேல் விழுந்தது. குத்து விழுந்தது அவருடைய வலது தாடையில். பல் போனது அவளுடைய இடது தாடையில். பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்துவிட்டு, பஞ்சும் உப்புத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்து, "இன்னிக்கு யாரோட சண்டையாம்?" என்று கேட்டாள். வெளியே தூறல் போடுகிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். அதற்குள் ஊருக்கு இது பழகிப்போயிருந்தது. சந்தையில் காண்ட்ராக்டர் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடித்தவர்களில் ஒருவனின் விரல்களைக் கொத்தாகப் பிடித்துப் பின்பக்கம் மடக்கி ஒடித்தார். ஒடிந்த விரல்களின் வலி முழுவதும் அந்த ஆளுக்கே போனது, ஏனென்றால் பங்கு போட்டுக்கொள்ள அவனுக்கு யாரும் இல்லை. காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் அந்த வசதி. இந்த மனிதரை 'அவர்' என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் பயத்தில் ஊர் முழுக்க அப்படித்தான் சொன்னது, அதனால் இங்கும் அப்படியே இருக்கட்டும்.

இதற்கெல்லாம் வழி செய்துவைத்தவள் அவர் மனைவியின் கூடப்பிறந்த அக்கா. சீன வைத்தியம் முறையாகப் படித்தவள். ஊரில் ஊசியக்கா என்று பெயர். ஆணிக்கடையை ஒட்டிய இரண்டு அறைகளில் அவள் வைத்தியம் பார்த்தாள். ஆணி வேண்டுமென்றால் இந்தக் கதவு, ஊசி வேண்டுமென்றால் அந்தக் கதவு என்று ஆணிக்கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அந்த நகைச்சுவையைத் தேய்த்தே விட்டார். முன்னறையில் மரப்பெட்டிகளில் இஞ்சி, அதிமதுரம், காய்ந்த தோல்கள், வேர்கள். உள்ளறையில் நடுவே திரை போட்டு இரண்டு கட்டில்கள். முட்டி வலி என்று யாராவது வந்தால் அவள் முட்டியைப் பார்க்கவே மாட்டாள். நாக்கை நீட்டச் சொல்வாள். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்ப்பாள். தூக்கம் எப்படி, வியர்வை எங்கே, கனவில் யார் வருகிறார்கள், கடைசியாக எதற்கு அழுதீர்கள், யார்மேல் கோபம் என்று விடாமல் கேட்பாள். "முட்டிக்கு மருந்து கேட்டா குடும்பக் கதையெல்லாம் கேக்குறீங்களே" என்று சலித்துக்கொள்பவர்களிடம், "முட்டி தனியா நடந்து வரலையே, உங்களோடதான வந்துச்சு?" என்பாள். ஆளை முழுசாகப் பார்க்காமல் ஊசியைத் தொட மாட்டாள். தொட்டால், வலிக்கிற பக்கத்தில் குத்த மாட்டாள். இடது தோள் வலித்தால் வலது காலில் குத்துவாள். வலி தெரிகிற இடம் வேறு, வலி இருக்கிற இடம் வேறு என்பது அவள் படித்த பாடம். அவளுக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. குத்திய ஊசிகளை எண்ணித்தான் எடுப்பாள். ஒன்று குறைந்தாலும், கம்பு நுனியில் கட்டிய காந்தத்தால் தரை முழுக்கத் துழாவி, அது கிடைக்கும்வரை அடுத்த ஆளை உள்ளே விட மாட்டாள்.

தங்கை அடிக்கடி வருவாள். கதவு இடித்துவிட்டது என்பாள், குளியலறையில் வழுக்கிவிட்டது என்பாள், அலமாரி மேலிருந்த பெட்டி விழுந்தது என்பாள். அந்த வீட்டுக் கதவுகள் அவளை அடித்த அளவுக்கு எந்த வீட்டுக் கதவும் யாரையும் அடித்ததில்லை. அக்கா எதுவும் கேட்காமல் காயத்துக்குப் பத்துப் போட்டு, பிறகு நாடி பார்ப்பாள். நாடியில் எல்லாம் இருந்தது. தங்கையின் இடது மணிக்கட்டில், அவளுடைய மெல்லிய நாடிக்கு அடியில் இன்னொரு நாடி ஓடிக்கொண்டிருந்தது. கனமாக, வயிறு நிறைந்து, கவலை இல்லாமல் ஓடுகிற ஆண் நாடி. மேலே ஓடுகிற நாடியை அது அழுத்திப் பிடித்திருந்தது. "அந்த வீட்டுல இருக்காத, இங்க வந்துடு" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் தங்கை சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "விடுக்கா, அவரு குணம் அப்படி" என்பாள். அன்று முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கும்.

ஒருநாள் காண்ட்ராக்டரே தோள் வலி என்று வந்து நின்றார். அவர் தொழில் பழைய கட்டடங்களை இடிப்பது. அதற்கு ஆட்களும் இயந்திரங்களும் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு கட்டடத்திலும் முதல் சுவரைப் பெரிய சம்மட்டியால் தானே இடித்தால்தான் அவருக்குத் திருப்தி. அக்கா அவரைக் குப்புறப் படுக்க வைத்து, எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள். தூக்கம் நன்றாக வந்தது. பசி நன்றாக எடுத்தது. கனவு வருவதில்லை. கடைசியாக எப்போது அழுதார் என்று அவருக்கு நினைவில்லை. சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறாரா என்று கேட்டாள். இப்படிப்பட்டவர்களுக்குள் பழைய அடி ஒன்று கிடக்கும், அதை எடுத்துவிட்டால் கை அடங்கும் என்று அவள் நம்பியிருந்தாள். "என்னையா?" என்று அவர் முதுகு குலுங்கச் சிரித்தார். "எங்கம்மா என்ன ஒரு சொல்லு சொன்னதில்ல அண்ணி. வாத்தியார் பிரம்பெடுத்தா எங்கப்பா போய் அவர் பிரம்ப உடைச்சிட்டு வருவாரு." அக்கா நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. அந்தப் பெரிய உடம்பில் தேடினாலும் ஒரு அடி கிடையாது. அடியின் வலி என்றால் என்ன என்று தெரியாமலே ஒரு மனிதன் இத்தனை வயது வளர்ந்து, வலியைக் கொடுக்கிற வேலையை மட்டும் கற்றுக்கொண்டிருந்தான்.

திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில், இடது காது அடைத்துக்கொண்டு ரீங்கரிக்கிறது என்று அன்று காலையே வந்த தங்கை படுத்திருந்தாள். யார் அறைந்த காது என்று சொல்ல வேண்டியதில்லை. இடது பக்க வலிக்கு வலது பக்கம் ஊசி. அந்தக் குடும்பம் ஒரே உடம்பு என்றால், அவளுடைய வலியின் மறுபக்கம் இந்தக் கட்டிலில் கிடக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்படி ஒரு வைத்தியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொஞ்ச நேரம் இவரும் அனுபவிக்கட்டும், ஊசியை எடுத்ததும் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள். தங்கையின் இடது பக்கத்திலும் அவருடைய வலது பக்கத்திலும் அதே புள்ளிகளில் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டே வந்தாள். கடைசி ஊசி அவருடைய வலது தோளுக்குப் பின்னால் இறங்கியபோது ரீங்காரத்தில் பாதி திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. காண்ட்ராக்டர் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலிலிருந்து எழும்பினார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் கோபம் மட்டும் உடனே தெரிந்தது. ஊசித் தட்டைச் சுவரில் அடித்தார். தோளிலும் கையிலும் இருந்ததைப் பிடுங்கி எறிந்தார். "என்னைய என்ன பண்ண?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் புறங்கையால் அக்காவை அறைந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்காவின் உதடு கிழிந்தது. அவள் உதட்டைக்கூடத் துடைக்காமல் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். ஒரு ஊசி குறைந்தது. கட்டிலைப் புரட்டினாள், சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தாள், திரையை உதறினாள். அந்த ஊசி அவருடைய தோளுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், சட்டைக்கு அடியில் நடந்து போய்க்கொண்டிருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது சதைக்குள் முழுசாக இறங்கிவிட்டது.

அடுத்த வாரம் அவர் தங்கையை அறைந்தார். பாதி அறை அவருடைய கன்னத்தில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரும் இல்லை. இன்னொரு முறை அறைந்து பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் வீட்டில் கை ஓங்கவில்லை. தங்கைக்கு முகத்தில் சதை போட்டது. காயம் எதுவும் இல்லாமலே அக்காவைப் பார்க்க வந்து, மருந்து இடிக்கிற அறையில் உட்கார்ந்து வம்பு பேசிவிட்டுப் போனாள். ஊசி எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உடனே அவரை அழைத்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. தொலைந்த ஊசி இவ்வளவு நல்லது செய்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். வைத்தியம் படித்தவள் செய்யக் கூடாத காரியம் அது.

கெட்டது ஒரு மரச்சட்டத்தால் வந்தது. இடித்துக்கொண்டிருந்த மாடியிலிருந்து சட்டம் விழுந்து காண்ட்ராக்டரின் வலது பாதத்தை நசுக்கியது. பக்கத்தில் நின்ற கொத்தனார் அலறிவிட்டார். காண்ட்ராக்டர் அலறவில்லை. வலித்தது, ஆனால் வலிக்க வேண்டிய அளவுக்கு வலிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனால், மனைவி இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். அவர் முட்டாள் இல்லை. வாசல்படியில் நின்றபடியே கூட்டிக் கழித்துப் பார்த்தார். இனி உலகத்தில் எந்த அடியும் அவருக்குப் பாதிதான். அதுவரை அவர் வெளி ஆட்களிடம் கொஞ்சம் அளந்துதான் கை நீட்டுவார், திருப்பி அடித்தால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. அன்றோடு அது போயிற்று. சாராயக்கடையில், லாரி நிறுத்தத்தில், சந்தையில், இடத்தைக் காலி செய்ய மறுத்த குடித்தனக்காரர்களின் வாசலில் அவர் சண்டையைத் தேடிப் போனார். கத்தி பட்டாலும் சிரித்தார். கம்பியால் முதுகில் அடித்தவனை, அடி விழ விழவே நடந்து போய்க் கழுத்தைப் பிடித்தார். ஊரில் அவருக்கு அரைவலி என்று பெயர் வைத்தார்கள். மீதி அரை எங்கே போகிறது என்பதும் சீக்கிரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. முன்பு ஒரு ஆள் அடித்துக்கொண்டிருந்த தங்கையை, அவர் வழியாக இப்போது ஊரே அடித்தது.

அக்கா உண்மையைச் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, ஊசி கணக்கு தவறியதையும், தெரிந்தும் சும்மா இருந்ததையும் சொன்னாள். தங்கை அன்று கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "அந்த நாலு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். அக்காவுக்கு அதைவிட அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது. தங்கை வீட்டைவிட்டு வந்து வைத்தியசாலையிலேயே தங்கினாள். அதனால் ஒரு பயனும் இல்லை, அடிகளுக்கு அந்த விலாசமும் தெரிந்திருந்தது. கஞ்சி குடிக்கும்போது வரும், தலை வாரும்போது வரும். அக்கா அவளுக்கு ஊசி போட்டு அவரை அடக்கப் பார்த்தாள். மருந்து தாண்டவில்லை, அடி மட்டுமே தாண்டியது. ஊசியை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு சண்டையில் ஏதோ ஒரு அடியில் தங்கை செத்துப்போவாள் என்பது அக்காவுக்குத் தினமும் நாடியில் தெரிந்தது. ஊசி எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. தங்கையின் இடது பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ப்புள்ளி தோளிலிருந்து விலாவுக்கும், விலாவிலிருந்து இடுப்புக்கும் நகர்ந்துகொண்டிருந்தது. அதே உயரத்தில் அவருடைய வலது பக்கத்தில் ஊசி இருக்கும். ஆனால் அவர் கட்டிலில் படுக்க வேண்டுமே. அக்கா அவர் வீடு தேடிப்போய்க் கேட்டாள், காலில் விழாத குறையாகக் கேட்டாள். "உங்க தங்கச்சி என் பொண்டாட்டி. என் கஷ்டத்துல பாதி அவளுக்குத்தான அண்ணி?" என்று சொல்லி அவர் அவளை மாடிப்படியில் தள்ளிவிட்டார். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. அது முழுக்க அவளுடையதாகவே இருந்தது.

ஊர் கெட்ட ஊர் இல்லை. அவரை அடித்தால் அந்தப் பெண்ணுக்கு வலிக்கும் என்று தெரிந்ததும் மெல்ல மெல்ல எல்லாரும் திருப்பி அடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அடிக்கிறவரைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்று அடி வாங்கினார்கள், வாங்கிக்கொண்டு நேராக ஊசியக்காவிடம் வந்தார்கள். திரைக்கு ஒரு பக்கம் அவர் உடைத்தவர்கள், மறுபக்கம் அவருக்காக உடைந்தவள். தங்கை எழுந்து உட்கார முடிகிற நாட்களில் அவர்களுக்குக் கட்டுத்துணி சுற்றிக் கொடுப்பாள், அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒருமுறை அவர் ஒரு லாரி கிளீனரைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தை நெரிக்கிறார் என்று ஆள் ஓடிவந்து சொன்னான். தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்த சூடான பெட்டியைத் திருப்பி, அதில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அங்கே காண்ட்ராக்டரின் பிடி விட்டுப்போனது, கிளீனர் பிழைத்தான். மறுநாள் அவரிடமிருந்து சேதி வந்தது. இன்னொரு தடவை இந்த மாதிரி செய்தால் ஓடுகிற லாரிமேல் போய் மோதுவேன், பாதிதானே, எனக்கென்ன என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா அந்த வெந்த கைக்குக் களிம்பு தடவிக்கொண்டே வாய்விட்டு அழுதாள்.

கடைசியில் அவர் ஒரு வெல்டரின் கண்ணைக் கெடுத்தார். மூன்று சகோதரர்களில் இளையவன், இரும்புக் கதவு ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டிருந்தவன், வழியை விட்டு உடனே நகரவில்லை என்பதுதான் குற்றம். அவன் கையிலிருந்த கம்பியையே பிடுங்கிக் குத்தினார். ஒரு வாரம் கழித்து மூத்தவர்கள் இருவரும் வைத்தியசாலைக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கை படுத்திருந்த கட்டிலுக்கு முன்னால் நின்றார்கள். பெரியவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அம்மா, எங்களால சும்மா இருக்க முடியல. உங்ககிட்ட சொல்லாம செய்யவும் மனசு வரல."

"எப்போ?" என்றாள் தங்கை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம். அந்தப் பழைய ஸ்கூல் கட்டடத்த இடிக்க வருவாரு."

ஊசியக்கா பாய்ந்து நடுவில் வந்தாள். ஏற்கெனவே விலா எலும்பு சேரவில்லை, இன்னொரு பெரிய அடியை இந்த உடம்பு தாங்காது என்று அவள் அவர்களைக் கும்பிட்டாள். தங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அப்படி நிதானமாக இருந்ததில்லை.

"செய்யுங்கண்ணா. ஆனா அரைகுறையா வேண்டாம். காலை எடுத்துடுங்க, அவரு எழுந்து நடக்கக் கூடாது. தலையில மட்டும் அடிக்காதீங்க, உயிர் இருக்கணும். முடிஞ்சதும் தூக்கிட்டு வந்து பக்கத்துக் கட்டில்ல போடுங்க."

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்றாள் அக்கா.

"அவரா படுக்க மாட்டாருன்னு நீதான சொன்ன? படுக்க வைக்கச் சொல்றேன். நீ ஊசிய எடு."

வெள்ளிக்கிழமை காலை அக்கா பக்கத்துக் கட்டிலில் விரிப்பை மாற்றினாள், கத்தியையும் இடுக்கியையும் கொதிக்க வைத்தாள். தங்கை கைகளை உடம்போடு சேர்த்துவைத்துப் படுத்து, சுருட்டிய துணியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். ஆணிக்கடைக்காரர் விஷயம் தெரிந்து கடையை அடைத்துவிட்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். முதல் அடி இடது தொடையில் வந்தது. காற்றில் ஒன்றும் தெரியவில்லை, சதை மட்டும் உள்வாங்கிப் பின் உப்பியது. அடுத்தது முழங்காலுக்குக் கீழே. எலும்பு விரிசல் விடும் சத்தத்தை அக்கா கேட்டாள். பிறகு இடைவெளி இல்லாமல் வந்தது. கட்டில் நகர்ந்து நகர்ந்து சுவரில் இடித்தது. அவர் எழுந்து திருப்பி அடிக்கிறபோதெல்லாம் தங்கையின் விரல் முட்டிகள் தோலுரிந்தன, அதிலிருந்து அவர் இன்னும் விழவில்லை என்று அக்கா தெரிந்துகொண்டாள். வெல்டர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், தலையைத் தொடவில்லை. ஆனால் கண் போன தம்பியும் கட்டோடு பின்னால் வந்திருந்தான், அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் கையில் கிடைத்த செங்கல்லால் ஒரே ஒரு அடி அடித்தான். தங்கையின் காதிலிருந்து ரத்தம் வழிந்து தலையணையில் இறங்கியது. கண் மேலே சொருகியது. அக்கா அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, அங்கே மூன்று தெரு தள்ளிக் கிடக்கிற அந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டினாள். அவள் வாழ்க்கையில் அப்படி வேண்டுவாள் என்று யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பாள்.

பள்ளிக்கூடத்துக் கதவு ஒன்றின் மேல் கிடத்தி அவரைத் தூக்கிவந்தார்கள். இரண்டு காலும் கோணிக் கிடந்தன. இரண்டு கட்டிலிலும் ஒரே மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, ஒன்று நின்றால் மற்றதும் நின்று, ஒன்று தொடங்கினால் மற்றதும் தொடங்கியது. அக்கா நடுவில் இருந்த திரையைக் கிழித்தெறிந்தாள். தங்கையின் உடம்பில் குளிர்ப்புள்ளியைத் தேடினாள். வீக்கமும் சூடுமாக இருந்த உடம்பில் அது இடது கெண்டைக்காலில், கட்டைவிரல் அகலத்துக்கு ஐஸ்கட்டிபோல இருந்தது. அளந்துகொண்டு, அவருடைய வலது கெண்டைக்காலுக்குப் போனாள். கத்தி தோலைத் தொட்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"எடுக்காதீங்க அண்ணி. முழுசாத் தாங்க முடியாது. செத்துடுவேன்."

"அவ தாங்கலையா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அக்கா கீறினாள். தங்கையின் காலிலும் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்தது, அவள் முனகினாள். சதைக்குள் இடுக்கியை விட்டு அக்கா ஊசியைப் பிடித்து இழுத்தாள். துருப்பிடிக்கவில்லை, வளையவில்லை, உறையிலிருந்து அன்றுதான் பிரித்ததுபோல வெளியே வந்தது.

பிறகு நடந்ததை வெல்டர்களும் ஆணிக்கடைக்காரரும் கதவருகே நின்று பார்த்தார்கள். முதலில் செங்கல் அடி திரும்பிப்போனது. தங்கையின் காதில் ரத்தம் நின்றது, அவர் காதில் தொடங்கியது. அடுத்து கால், தொடை, விலா. அதோடு நிற்கவில்லை. சாராயக்கடைக் குத்துகள், லாரி நிறுத்தத்துக் கம்பி அடிகள், சந்தைக் கத்திவெட்டுகள் என்று இத்தனை வருஷமும் அவள் வாங்கி வைத்திருந்த பாதிகள் எல்லாம் வந்த வரிசைக்கு நேர்மாறாக, ஒவ்வொன்றாகக் கட்டிலைத் தாண்டி அவர்மேல் விழுந்தன. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். விளக்கு வைக்கிற நேரம்வரை அது நடந்தது. அவர் சாகவில்லை. கட்டிலில் படுத்தவர் யாராக இருந்தாலும் முழுசாகப் பார்ப்பது என்ற தன் வழக்கத்தை அக்கா அவருக்காகவும் மாற்றவில்லை. பல மாதம் பார்த்தாள், ஊசியை மட்டும் மெதுவாகக் குத்தவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் அவர் இடிபாடு ஏற்றிப்போகிற லாரி ஒன்றில் ஏறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே சின்ன எறும்பு கடித்தாலும் கத்துகிறார் என்று கேள்வி. ஆனால் அன்று மாலை எல்லாம் திரும்பிப்போன பிறகும், தங்கையின் உடம்பில் சில வலிகள் போகாமல் தங்கிவிட்டன. அக்கா நாடி பிடித்துப் பார்த்தாள். ஊசி இறங்குவதற்கு முந்தைய வருஷங்களில் அவர் தன் கையாலேயே கொடுத்த அடிகள் அவை. அவை அவளுக்கென்றே கொடுக்கப்பட்டவை, அவற்றுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. அக்காவுக்குத் தெரிந்த எந்த மருந்தும் அதற்கு இல்லை.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கால்களைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள், ஊன்றியது. நடந்துபோய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் வீங்கிய கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, தண்ணீர் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தார். அவள் அவரை ஓங்கி அறைந்தாள். அறைந்துவிட்டு, தன் கன்னத்தில் ஏதாவது வருகிறதா என்று அசையாமல் நின்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. மறுபடி அறைந்தாள். வெல்டர்கள் தரையைப் பார்த்தார்கள், ஆணிக்கடைக்காரர் வெளியே போய்விட்டார். அக்கா தடுக்கவில்லை. தங்கை கை ஓயும்வரை அறைந்துவிட்டு, வந்து தன் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பழைய சூட்டுத் தழும்பைச் சுற்றி நன்றாகச் சிவந்திருந்தது.

"வலிக்குதாடி?" என்று அக்கா கேட்டாள்.

"எரியுது. முழுசா எரியுது."

அக்கா வழக்கம்போல ஊசியை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் கையை நீட்டச் சொன்னாள். தங்கை இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஊசி வேண்டாங்கா. இது இருக்கட்டும்."

அக்கா ஊசியைத் தட்டில் வைத்தாள். அந்த எரிச்சல் இரண்டு நாள் இருந்தது, பிறகு தானாகவே போய்விட்டது.